சர்க்கரை உள்ளவரின் தோல்: பூச வேண்டியது கொஞ்சம், நிறுத்த வேண்டியது நிறைய

கேள்வி சுருக்கமாக இது. அம்மாவுக்கு வயது 61. சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது, கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9.2. முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக உரிந்து இரவில் அரிக்கிறது. குதிகாலில் பித்தவெடிப்பு. தொடை இடுக்கில் படை இருக்கிறது. மருந்துக்கடையில் கொடுத்த ட்யூபைப் போட்டால் நாலு நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் மூன்று மாத்திரையும் எடுக்கிறார். எந்த சோப்பு, எந்த க்ரீம் வாங்கலாம்?

சோப்பையும் க்ரீமையும் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ட்யூபை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் ஆகியவற்றில் ஒரு பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இருக்கும் என்றே தோன்றுகிறது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், படைக்குக் காரணமான பூஞ்சையை ஒன்றும் செய்யாது. பூஞ்சையை எதிர்க்கும் உடம்பின் வேலையையும் அது அந்த இடத்தில் கட்டிப்போடுகிறது. அதனால் மேலே தோல் தெளிந்த மாதிரி தெரியும்போதே பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். 'அதில்தான் பூஞ்சை மருந்தும் சேர்ந்திருக்கிறதே' என்று கடையில் சொல்வார்கள். ஒரே ட்யூபில் இரண்டும் இருந்தால் ஸ்டீராய்டின் கைதான் ஓங்கும். மாதக்கணக்கில் போட்டால் இடுக்குத் தோல் காகிதம் போல மெலிந்து, பிரசவ வரி மாதிரிக் கோடு விழும். அந்தக் கோடு பிறகு மறையாது. பெரிய பரப்பில் தொடர்ந்து பூசினால் உடம்புக்குள் இறங்கி ரத்தச் சர்க்கரையையே ஏற்றவும் செய்யும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அட்டவணையில் சேர்த்தது. இன்றும் கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் வேதனை.

ட்யூபை நிறுத்தியதும் சில நாட்கள் அரிப்பும் சிவப்பும் கூடும். அந்தச் சமயத்தில் மனம் தளர்ந்து மறுபடி அதையே எடுத்துவிடக் கூடாது. அதனால் நிறுத்துகிற வாரத்திலேயே தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். புதிதாக வந்த சின்னப் படர்தாமரை என்றால் வெறும் க்ளோட்ரிமசால் என்ற பூஞ்சை மருந்தின் 1 சதவீதப் பூச்சு போதும். தினம் 2 முறை, படையின் விளிம்பைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை, வெளியிலிருந்து உள்நோக்கிப் பூச வேண்டும். தோல் தெளிந்த பிறகும் 2 வாரம் விடக் கூடாது. பலர் தோற்பது இந்தக் கடைசி 2 வாரத்தில்தான். ஆனால் அம்மாவுக்கு இருப்பது ஸ்டீராய்டு பார்த்துவிட்ட பழைய படை. இந்தியாவில் இப்போது பரவியிருக்கும் பூஞ்சை வகைக்கு, 2020-ல் டிரைகோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். முன்பெல்லாம் கேட்ட டெர்பினாஃபின் மாத்திரைக்கு அது பல நேரம் கட்டுப்படுவதில்லை. ஆகவே இட்ராகொனசால் என்ற வேறொரு பூஞ்சை மருந்து வாரக்கணக்கில் தேவைப்படலாம்.

அது தேவைப்பட்டால் மூன்று விஷயம் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்: இதயம் பலவீனம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா, கொழுப்புக்கு ஸ்டாட்டின் எடுக்கிறாரா, வயிற்றுக்குப் பேன்டோப்ரசால் மாதிரி ஏதும் எடுக்கிறாரா. முதல் இரண்டும் ஆபத்தைக் கூட்டும். மூன்றாவது, வழக்கமான இட்ராகொனசால் கேப்சூலை வயிற்றில் கரையவிடாது. அந்தக் கேப்சூலைச் சாப்பிட்டவுடன்தான் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் எடுத்தால் பாதி வீண். இன்னொரு எச்சரிக்கை கிளிமெபிரைடு பற்றியது. ஃப்ளூகொனசால் என்ற பூஞ்சை மாத்திரை இதனுடன் சேர்ந்தால் கிளிமெபிரைடு உடம்பில் நெடுநேரம் தங்கி, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். 'வாரம் ஒரு மாத்திரைதானே' என்று கடையில் வாங்கிப் போடுகிற மருந்து இது. தோல் மருத்துவரிடம் சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.

மருந்து சரியாக இருந்தும் படை திரும்பினால் காரணம் வீட்டுக்குள் இருக்கும். ஒரே துண்டால் பலர் துடைப்பது, வீட்டில் இன்னொருவருக்கும் படை இருந்து அவர் சும்மா இருப்பது, ஈரம் காயாத உள்ளாடை. நம் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு: இடுப்புக் கயிறு. அரைஞாண் கயிறு, தாயத்துக் கயிறு, உள்பாவாடை நாடா மூன்றும் வியர்வையைக் குடித்துக் காயாமல் கிடக்கும். சிகிச்சை முடியும்வரை கயிற்றைக் கழற்றிவிடலாம், மனம் வராவிட்டால் வெள்ளிக்கு மாறலாம். உள்பாவாடையில் நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தைத்தால் இடுப்பில் உரசலும் குறையும். உள்ளாடை பருத்தியில் இருக்கட்டும். சூடான நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, தையல் ஓரங்களில் இஸ்திரி போட்டு உடுத்தட்டும்.

இடுக்கில் இருப்பது எல்லாமே படர்தாமரை அல்ல. வளையமாக விளிம்பு தடித்து, நடுவில் தெளிந்திருந்தால் அது படர்தாமரை. பச்சைப் புண் போலச் சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தனியாகச் சிதறிக் கிடந்தால் அது கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சை. இதற்கும் டாபாகிளிஃப்ளோசினுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்த மாத்திரை வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றித்தான். அந்தச் சர்க்கரை தங்கும் இடத்தில் கேண்டிடா செழிக்கும். சிறுநீர் கழித்தபின் ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி எடுப்பது அது திரும்ப வருவதைக் குறைக்க உதவும். உள்ளே சோப்போ கிருமிநாசினித் திரவமோ வேண்டாம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மாத்திரை என்பதால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மறுபடி மறுபடி வந்தால் மருத்துவரே மாற்றுவார். ஆனால் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வலி, வீக்கம், சிவப்பு, கூடவே காய்ச்சல் என்று வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. இந்த வகை மாத்திரைகளால் அந்த இடத்தில் சதை அழுகும் தொற்று அபூர்வமாக வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-ல் எச்சரித்தது.

இனி முழங்காலுக்குக் கீழே. சர்க்கரை நீண்டநாள் உயர்ந்திருந்தால் வியர்வைச் சுரப்பிகளை நடத்தும் நரம்புகள் பழுதாகின்றன. காலில் வியர்வை நின்றுபோகும். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் இல்லாத தோல் கோடைக்கால ஏரி மாதிரி வெடிக்கும். மேலேயோ, வெயிலுக்கு ஈடுகொடுக்க, முகமும் மார்பும் கூடுதலாக வியர்க்கும். 'இவ்வளவு வியர்க்கிறதே, எனக்கா வறட்சி' என்று பலர் குழம்புவது இதனால்தான். 9.2 என்றால் கடந்த 3 மாதத்துச் சராசரி ஏறத்தாழ 217 மில்லிகிராம். அந்த அளவில் சிறுநீரும் அதிகம் போய், உடம்பே நீர் வற்றிக் கிடக்கும். எதைப் பூசினாலும் இந்த எண் இறங்காமல் பாதிப் பலன்தான்.

குளியலைப் பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். அரிக்கிற காலுக்குச் சுடுதண்ணீர் விட்டால் அந்த நிமிடம் சுகமாக இருக்கும். அதுதான் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையையும் கழுவிக்கொண்டு போகிறது. தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்ட வேண்டாம், அதையும் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும். அம்மாவே பார்ப்பதைவிட வீட்டில் வேறொருவர் பார்ப்பது நல்லது. 10 நிமிடத்தில் முடித்துவிடட்டும். சோப்பு அக்குள், இடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் போதும், கைகால் நீளத்துக்கும் தேய்க்கத் தேவையில்லை.

எந்த சோப்பு? 'டிஎஃப்எம் (சோப்பிலுள்ள கொழுப்புப் பொருளின் அளவு) 76 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல சோப்பு' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சோப்பில் கலப்புக் குறைவு என்பதை மட்டும் சொல்கிறது. எவ்வளவு உயர்ந்த டிஎஃப்எம் ஆனாலும் சாதாரண சோப்பின் பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) 9, 10 என்றுதான் இருக்கும். நம் தோலின் பிஎச் 5-ஐ ஒட்டியது. அந்த லேசான புளிப்புத்தான் கிருமியைத் தள்ளிவைக்கிறது. சின்டெட் வகைக் கட்டி (சோப்பு அல்லாத செயற்கைக் கழுவுகட்டி) என்று கேட்டு வாங்குங்கள், உறையில் பிஎச் 5.5 என்று போட்டிருக்கும். விலை அதிகம்தான். கட்டுப்படியாகாவிட்டால் சலித்த பாசிப்பயறு மாவு நல்ல மாற்று. ஆனால் மார்புக்கு அடியிலும் இடுக்கிலும் மாவு தங்காமல் அலசிவிட வேண்டும், தங்கிய மாவு பூஞ்சைக்குத் தீனி. கிருமிநாசினி சோப்பும், தேங்காய் நாரும், பீர்க்கங்கூடும் இந்தக் காலுக்கு வேண்டாம்.

துண்டால் ஒற்றியெடுத்து 3 நிமிடத்துக்குள், தோலில் ஈரப்பசை இருக்கும்போதே, பூச்சு ஏற வேண்டும். காய்ந்தபின் பூசினால் வெளியே பளபளப்பு வரும், உள்ளே அடைத்துவைக்க ஈரம் இருக்காது. என்ன பூசுவது? 10 சதவீத யூரியா கலந்த க்ரீம் முதல் தேர்வு. அது இல்லாவிட்டால் வெள்ளை மென்பாராஃபினும் திரவப் பாராஃபினும் சேர்ந்தது, அதுவும் இல்லாவிட்டால் வெறும் வாசனையற்ற பெட்ரோலியம் ஜெல்லி. தேங்காய் எண்ணெயும் நன்றாகவே வேலை செய்யும், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். எண்ணெய் எதுவானாலும் உள்ளங்காலில் தடவிக்கொண்டு குளியலறைத் தரையில் நடக்கவிடாதீர்கள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது வறட்சியைவிடப் பெரிய துன்பம்.

அளவில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் அது அரை கிராம், இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு வரும். ஒரு முழங்காலுக்குக் கீழே பாதத்தோடு சேர்த்து 5 விரல்நுனி அளவாவது வேண்டும். இரண்டு காலுக்கு 5 கிராம், காலை மாலை என்றால் 10 கிராம், மாதத்துக்கு 300 கிராம். 30 கிராம் ட்யூபை மூன்று மாதம் வைத்துக்கொண்டு 'பலனே இல்லை' என்றால் எப்படி இருக்கும்? விலையுயர்ந்த சின்ன ட்யூபைவிட மலிவான பெரிய டப்பா மேல். ஒரே ஓர் இடத்தில் மட்டும் எதுவும் பூசக்கூடாது: கால்விரல் இடுக்கு. அங்கே ஈரம் சேர்ந்தால் சேற்றுப்புண். நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வெள்ளையாக ஊறிப்போன தோல்தான் அது. கால் முழுக்கச் சிவந்து வீங்கும் தொற்றுக்கு வாசற்கதவு பெரும்பாலும் அந்த ஒரு வெடிப்புத்தான். குளித்ததும் ஒவ்வோர் இடுக்கையும் துணி விட்டுத் துடைத்து, ஊறியிருந்தால் மெல்லிய காஸ் துணித் துண்டை நடுவில் வைத்து, க்ளோட்ரிமசால் பவுடர் தூவுங்கள். மெட்டி போட்டிருந்தால் தினம் கழற்றி அடியில் துடைக்க வேண்டும். விரல் வீங்கும் வழக்கம் இருந்தால் மெட்டியைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

பூச்சைத் தொடங்கி 3 வாரம் ஆகியும், தோலில் தடிப்பு ஏதும் இல்லாமல் அரிப்பு மட்டும் தொடர்ந்தால் கிரியாட்டினின், கல்லீரல், தைராய்டு, ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரித்தால் சொறி. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பாருங்கள். பின்னாளில் அம்மாவுக்கு 'கிளிப்டின்' என்று முடியும் சர்க்கரை மாத்திரை சேர்த்து, அதன்பின் கடும் அரிப்பும் இறுக்கமான நீர்க்கொப்புளங்களும் வந்தால், அந்த மாத்திரையே காரணமாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் அந்தச் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பித்தவெடிப்புக்கு வருவதற்கு முன் ஒரு சோதனை. அம்மா கண்ணை மூடிக்கொள்ளட்டும். நீங்கள் உங்கள் விரல்நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், ஒரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். மொத்தம் ஆறு தொடுகையில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கால் மரத்துவிட்டது என்று பொருள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான எளிய சோதனை இது. நம் மருத்துவமனைகளில் 10 கிராம் நைலான் இழையால் செய்யும் சோதனையோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

மரத்த காலில் சூடும் கூரும் காரமும் மூன்றும் கூடாது. இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் நம் வீட்டு வைத்தியத்தில் குதிகாலுக்குச் செய்வதெல்லாம் இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கிறது. குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சுடவைத்து மேலே எருக்கிலை போட்டு மிதிப்பது, மெழுகை எண்ணெயில் உருக்கி வெடிப்பில் ஊற்றுவது, உப்புப் போட்ட வெந்நீரில் அரைமணி நேரம் காலை ஊறவைப்பது, ஆணிக்கு எருக்கம்பால் விடுவது, பிளேடால் சீவுவது. வலி தெரிந்த காலில் சூடு பொறுக்காமல் இழுத்துக்கொள்வோம். மரத்த கால் இழுத்துக்கொள்ளாது, தோல் வெந்து கொப்புளமான பிறகுதான் ஈரத்தைப் பார்த்துத் தெரியும். மருந்துக்கடையில் கிடைக்கும் கால் ஆணிப் பிளாஸ்திரியும் இதே வகை. அதிலிருக்கும் சாலிசிலிக் அமிலத்துக்கு ஆணிக்கும் நல்ல தோலுக்கும் வித்தியாசம் தெரியாது, குழி விழுந்து அது எலும்புவரை போகும் புண்ணாகலாம்.

சரியான வழி சலிப்பூட்டுகிற அளவுக்கு எளியது. வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். துடைத்து, 20 அல்லது 25 சதவீத யூரியா க்ரீமைக் குதிகாலின் தடித்த ஓரத்தில் மட்டும் பூசி, பருத்திக் காலுறை போட்டுப் படுக்கட்டும். வெடிப்பு பிளந்து ரத்தம் தெரிந்தால் யூரியா எரியும், அது மூடும்வரை பெட்ரோலியம் ஜெல்லி மட்டும். தடிப்பு மிருதுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். பிறகு வாரம் ஒருமுறை மென்மையான அரத்தாளால், ஒரே திசையில், நீங்கள் தேய்த்துவிடலாம். கால் மரத்திருந்தால் அதையும் பாத சிகிச்சை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். நகத்தைக் குளித்தபின் நேராக வெட்ட வேண்டும், மூலையைத் தோண்டக் கூடாது. செருப்பு பின்பட்டி உள்ளதாக, எம்.சி.ஆர். ரப்பரில் இருக்கட்டும். தொழுநோயால் கால் மரத்தவர்களுக்காக வேலூரிலும் கரிகிரியிலும் வளர்த்தெடுத்த மென்ரப்பர் அது, சர்க்கரைக் காலுக்கும் அதே நியாயம்தான். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவெடுங்கள்.

கோயிலைச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை, வைகாசியில் நண்பகல் கருங்கல் பிராகாரத்தைச் சுற்றி வந்து, இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்து மருத்துவமனைக்கு வருகிறவர்கள் வருடந்தோறும் உண்டு. விடியற்காலைத் தரிசனம், தடித்த பருத்திக் காலுறை, நிழல் விரிப்பில் மட்டும் நடை. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் என்பதால் மரத்த கால்காரர்கள் வெறுங்காலோடு போகவே வேண்டாம்.

சிலவற்றைக் கண்டு பயப்படவும் வேண்டாம், மருந்து தேடவும் வேண்டாம். முன்காலில் பழுப்பு நிறத்தில் குழிந்த சின்னத் தழும்புகள் வலியும் அரிப்பும் இல்லாமல் வரும். அவை சர்க்கரையோடு வருபவை, விட்டுவிடுங்கள். பின்கழுத்துக் கருமை அழுக்கு அல்ல, இன்சுலினை உடம்பு ஏற்காததன் அடையாளம். தேய்க்கத் தேய்க்கக் கறுக்கும், எடை குறைந்தால் மங்கும். இன்சுலின் போடும் நாள் வந்தால் ஊசியை ஒரே இடத்தில் குத்தாமல் விரலகலம் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். கட்டிதட்டிய இடத்தில் போட்ட மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது.

காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், அல்லது கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டி ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், காபித்தூள், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று எதுவும் வேண்டாம். காஸ் வைத்து மூடி, காகித ஒட்டுப்பட்டை போட்டு, தினம் மாற்றுங்கள். பாதத்தில் பட்ட காயம் சின்னதானாலும் அன்றோ மறுநாளோ காட்டிவிடுங்கள். மற்ற இடத்தில் என்றால் 2 நாளில் சுருங்கும் அறிகுறி தெரிய வேண்டும். பிடரியிலோ முதுகிலோ பல கண் வைத்துப் பழுக்கும் கட்டியைத்தான் நம் பெரியவர்கள் ராஜபிளவை என்றார்கள். அதைப் பிதுக்கக் கூடாது, கீறி வடிக்க வேண்டியது மருத்துவரின் வேலை. காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவது, ஹேர்பின்னால் குடைவது இரண்டையும் இன்றோடு விடச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ள பெரியவர்களுக்குத் தூங்கவிடாத காதுவலியும் சீழும் வந்தால் அது எலும்பைத் தின்னும் தொற்றாக இருக்கலாம். காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கி, வலி அவ்வளவாக இல்லை என்றால் உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கக்கூடும். நடக்கவிடாமல் அன்றே கூட்டிப்போங்கள்.

தினசரிப் பார்வைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரம் தோதானது. 61 வயதில், 14 வருடச் சர்க்கரையோடு, குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முதுகும் விடாது, பார்வையும் தெளிவாக இருக்காது. அதனால் அம்மா காலை நீட்டி உட்காரட்டும், நல்ல வெளிச்சத்தில் நீங்கள் பாருங்கள். குதிகால், விரல் இடுக்கு, நக ஓரம், உள்ளங்காலின் அழுத்தம் படும் மேடுகள், கடைசியாகச் செருப்பின் உள்பக்கம். புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டு, ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். 3 நிமிட வேலை, பூச்சையும் அப்போதே தடவிவிடலாம்.